எழுதுகோல் ஏந்திய ஆட்டக்காரர்: சி. எல். ஆர். ஜேம்ஸின் இதழியல் வாழ்வு

நாளேட்டின் கடைசிப் பக்கங்களில் இடம்பெறும் விளையாட்டுச் செய்திகளை இலக்கிய உலகம் பொருட்படுத்துவது அரிது. தலையங்கம் தீட்டுபவரைச் சிந்தனையாளர் என்கிறோம். கதை புனைபவரைப் படைப்பாளர் என்கிறோம். ஆட்டத்தைப் பற்றி எழுதுபவரையோ வெற்றி தோல்வியை அறிவிப்பவராக மட்டுமே எண்ணுகிறோம். அன்றைய ஆட்டம் அன்றோடு முடிந்துவிடுவதைப் போல, அதைப் பற்றிய எழுத்தும் மறுநாளே மறைந்துவிடும் என்பது பொதுவான கருத்து. இக்கருத்து முற்றும் சரியன்று என்பதற்குச் சான்றாக விளங்குபவர், மேற்கிந்தியத் தீவுகளில் தோன்றிய சிரில் லயனல் ராபர்ட் ஜேம்ஸ் என்பார். சி. எல். ஆர். ஜேம்ஸ் என்னும் பெயரால் அறியப்படும் இவர், பள்ளி ஆசிரியராகவும், கிரிக்கெட் செய்தியாளராகவும், இதழாசிரியராகவும், வரலாற்று நூலாசிரியராகவும் விளங்கியவர்.

இவருடைய வாழ்வு பல துறைகளைத் தழுவியது. அவை அனைத்தையும் ஒரு கட்டுரையில் அடக்குதல் இயலாது. கிரிக்கெட்டைப் பற்றி எழுதியவர் என்னும் முறையிலும், இதழ் நடத்தியவர் என்னும் முறையிலும் இவர் ஆற்றிய பணியை மட்டும் ஈண்டு நோக்குவோம். ஆட்சியாளரின் பள்ளியில் தாம் கற்ற நேர்மை நெறியை, அதனைக் கற்பித்தவர்களே கடைப்பிடிக்கின்றனரா என்று அளந்து பார்க்கும் அளவுகோலாகத் தம் எழுத்தைப் பயன்படுத்தியவர் ஜேம்ஸ். அவரது இதழியல் வாழ்வின் உயிர்நாடி இதுவே எனலாம்.

தீவும் திடலும்

ஜேம்ஸ் பிறந்த திரினிடாட், தென் அமெரிக்கக் கரையை ஒட்டி அமைந்த சிறு தீவு. 1797இல் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பால் அங்குக் கரும்புத் தோட்டங்கள் செழித்தன. அடிமை முறை ஒழிந்த பின்னர், தோட்ட முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை வரவழைத்தனர். 1845 முதல் 1917 வரை 1,40,000க்கும் மேற்பட்டோர் அத்தீவில் கொண்டுபோய் இறக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகத்திலிருந்தும், ஒரு பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பலேறியவர்கள். தோட்டப்புறத்தின் வரலாற்றை அறிந்த நமக்கு இச்செய்தி அயலான் கதையாகத் தோன்றாது.

இத்தகைய தீவில், துனபுனா என்னும் சிற்றூரில் 1901ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் ஜேம்ஸ் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். தாயார் ஓயாமல் நூல் கற்கும் பழக்கமுடையவர். ஜேம்ஸ் சிறுவனாக வாழ்ந்த வீட்டின் சன்னலுக்கு நேர் எதிரே கிரிக்கெட் திடல் இருந்தது. நாற்காலியின்மேல் ஏறி நின்றால் ஆட்டம் முழுவதையும் காணலாம். அதே நாற்காலியிலிருந்து கை நீட்டினால் அலமாரியின் உச்சியில் இருந்த நூல்களையும் எடுக்கலாம். நூலும் ஆட்டமும் ஒரே இடத்திலிருந்து கைக்கெட்டிய இந்நிலை அவரது வாழ்நாள் முழுமைக்கும் வழிவகுத்தது.

அத்திடலில் ஆடியவர்களுள் மேத்யூ பாண்ட்மன் என்பவரை ஜேம்ஸ் இறுதிவரை மறக்கவில்லை. வேலை வெட்டி இன்றித் திரிந்தவர், முரட்டுப் பேச்சினர், ஊராரால் வெறுக்கப்பட்டவர். ஆனால், மட்டையைக் கையில் எடுத்துவிட்டால் அவருடைய ஆட்டத்தில் அழகு குடிகொள்ளும். சமுதாயம் இழிந்தவர் என்று ஒதுக்கிய ஒருவரிடத்தில் இத்துணை எழில் எங்ஙனம் அமைந்தது என்னும் வினா அச்சிறுவனின் உள்ளத்தில் விழுந்தது. பிற்காலத்தில் அவர் எழுதிய எழுத்தெல்லாம் இவ்வினாவிற்கு விடை தேடும் முயற்சி என்று கொள்ளலாம்.

பள்ளி தந்த நெறி

1910ஆம் ஆண்டில், ஒன்பதே வயதில், ஜேம்ஸ் அரசு உதவித்தொகைத் தேர்வில் வென்று, தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இருந்த குவீன்ஸ் ராயல் கல்லூரி என்னும் உயர்நிலைப் பள்ளியில் இடம் பெற்றார். தீவு முழுவதிலும் மிகச் சிலருக்கே கிட்டிய வாய்ப்பு அது. அங்கிருந்து மேலும் ஒரு தேர்வில் வென்றால் இங்கிலாந்து சென்று மருத்துவமோ சட்டமோ பயிலலாம். ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு அதைவிட உயர்ந்த குறிக்கோள் இருக்க முடியாது என்று பெற்றோர் நம்பினர். ஆனால், மகனோ திடலிலும் நூலகத்திலும் பொழுதைப் போக்கினார். தண்டனைகள் வந்தன, கண்டிப்புகள் வந்தன, பயனில்லை. 1918இல் அவர் பள்ளிச் சான்றிதழோடு வெளியேறினார். பெற்றோர் எதிர்பார்த்த இங்கிலாந்து உதவித்தொகை கிட்டவில்லை.

எனினும், அப்பள்ளி அவருக்கு வேறொரு செல்வத்தை வழங்கியது. வகுப்பறையில் மாணவர்கள் பொய் சொல்வதும், ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதுவதும், ஆசிரியரை ஏய்ப்பதும் உண்டு. அதே மாணவர்கள் திடலில் இறங்கியதும் வேறு மனிதராயினர். நடுவரின் தீர்ப்பு எத்துணைத் தவறாகத் தோன்றினும் முணுமுணுக்காமல் வெளியேறினர். தோற்றவர் முகங்கோணவில்லை, வென்றவர் இறுமாப்புக் கொள்ளவில்லை, தனக்கென ஆடாமல் அணிக்கென ஆடினர். இந்நெறியை யாரும் பாடமாக நடத்தவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த ஆசிரியர்களின் நடத்தையாலும், ஆட்டத்தின் மரபாலும் அது மாணவர் உள்ளத்தில் ஊறியது. பாடநூல் கற்பிக்காத ஒழுக்கத்தை ஆட்டத்திடல் கற்பித்ததென்பது ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

ஆனால், பள்ளித் திடலுக்கு வெளியே நிலைமை வேறு. முதல் உலகப் போரின்போது, தீவின் வணிகர்கள் திரட்டிய படைப்பிரிவில் சேர ஜேம்ஸ் சென்றார். அவருடைய கல்வியை எவரும் கேட்கவில்லை. கறுப்பர் என்பதைக் கண்டதும் திருப்பி அனுப்பினர். பள்ளியில் நிறம் பார்க்காத நேர்மை, பள்ளி வாயிலைக் கடந்ததும் மறைந்துவிட்டது. இம்முரண்பாடு அக்காலத்தில் அவரை ஆழமாகச் சுடவில்லை என்றாலும், உள்ளத்தின் ஒரு மூலையில் தங்கியது.

நிறத்தால் பிரிந்த கழகங்கள்

பள்ளியை விட்டு வெளியேறிய ஜேம்ஸ், எந்தக் கழகத்தில் சேர்ந்து ஆடுவது என்னும் சிக்கலுக்கு உள்ளானார். அக்காலத் திரினிடாட்டில் கிரிக்கெட் கழகங்கள் நிறத்தையும் வகுப்பையும் ஒட்டியே அமைந்திருந்தன. குவீன்ஸ் பார்க் கழகம் செல்வம் மிக்க வெள்ளையருடையது. தீவின் தலையாய திடலும் அதற்கே உரியது. ஷாம்ராக் கழகம் பெரும்பாலும் பிரெஞ்சு வழிவந்த கத்தோலிக்கருடையது. ஸ்டிங்கோ உழைப்பாளிகளான கறுப்பருடையது. மேப்பிள் கழகத்தில் மாநிற மேனியரான நடுத்தர வகுப்பினர் சேர்ந்திருந்தனர். கறுப்பருள் ஆசிரியர், எழுத்தர் முதலானோர் ஷானன் கழகத்தில் இருந்தனர். ஒருவர் எந்தக் கழகத்தில் ஆடுகிறார் என்பதைக் கொண்டே சமுதாயத்தில் அவருக்குரிய இடத்தைச் சொல்லிவிடலாம்.

ஜேம்ஸின் நிறம் கறுப்பு. ஆயினும் அவரது கல்வியையும் ஆட்டத் திறனையும் கருதி மேப்பிள் கழகம் அவரை அழைத்தது. ஷானன் கழகத்திலோ லியரி கான்ஸ்டன்டைன், வில்டன் செயின்ட் ஹில் போன்ற பெரும் ஆட்டக்காரர்கள் இருந்தனர். நெடுநாள் தயங்கிய பின்னர் ஜேம்ஸ் மேப்பிளைத் தேர்ந்தெடுத்தார். அம்முடிவு தம்மைத் தம் மக்களிடமிருந்து பிரித்து, தம் அரசியல் வளர்ச்சியைப் பல்லாண்டு பின்தள்ளிவிட்டது என்று அவரே பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார்.

வில்டன் செயின்ட் ஹில்லின் கதை அவருக்கு மற்றொரு பாடமாயிற்று. தீவு மக்கள் தம் பெருமையின் வடிவமாகக் கொண்டாடிய அந்த மட்டையாளரை, 1923இல் இங்கிலாந்து சென்ற அணியில் தேர்வாளர்கள் சேர்க்கவில்லை. பொதுமக்கள் அதனைத் தங்களுக்கு நேர்ந்த இழிவாகக் கருதினர். ஐந்தாண்டு கழித்து, 1928இல் வாய்ப்புக் கிட்டியபோது அவருடைய ஆட்டத்தின் பொற்காலம் கடந்துவிட்டது. உரிய காலத்தில் மறுக்கப்பட்ட வாய்ப்பு, காலந்தாழ்ந்து வழங்கப்படுவதால் ஈடுசெய்யப்படுவதில்லை என்பதை ஜேம்ஸ் கண்கூடாகக் கண்டார்.

ஆசிரியர் செய்தியாளரானார்

இருபதுகளில் ஜேம்ஸ் தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியரானார். பின்னாளில் அந்நாட்டின் தலைமையமைச்சரான எரிக் வில்லியம்ஸ் அவருடைய மாணவர்களுள் ஒருவர். கற்பித்துக்கொண்டே கதைகள் எழுதினார். 1927இல் அவரது சிறுகதை ஒன்று இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. ஆல்ஃபிரட் மெண்டிஸ் என்னும் எழுத்தாளரோடு சேர்ந்து 'திரினிடாட்' என்னும் இலக்கிய இதழை வெளியிட்டார். 1929ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸின்போது ஓர் இதழும், 1930ஆம் ஆண்டு ஈஸ்டரின்போது மற்றோர் இதழும் வந்தன. இரண்டே இதழ்களோடு அது நின்றுவிட்டாலும், பின்தங்கிய குடியிருப்புகளில் வாழும் எளிய மக்களின் வாழ்வை இலக்கியமாக்கிய முயற்சி என்னும் முறையில் வரலாற்றில் இடம்பெற்றது. ஜேம்ஸின் இதழாசிரியப் பணிக்கு இதுவே தொடக்கம்.

1932இல் அவர் இங்கிலாந்து சென்றார். சில கிழமைகள் இலண்டனில் தங்கிய பின்னர், லங்காஷயர் மாவட்டத்தில் பருத்தி ஆலைகள் நிறைந்த நெல்சன் நகருக்குப் போனார். அங்கு, 1929 முதல் ஊதியம் பெறும் ஆட்டக்காரராக இருந்த லியரி கான்ஸ்டன்டைன் அவருக்குத் தம் இல்லத்தில் இடமளித்தார். ஒருகாலத்தில் எதிரெதிர்க் கழகங்களில் ஆடிய இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். வெள்ளையர் நம்மைவிட உயர்ந்தவர் அல்லர் என்று கான்ஸ்டன்டைன் வாதிடுவார். ஆங்கில இலக்கியத்தில் ஊறிய ஜேம்ஸ் மறுத்துரைப்பார். கல்லூரிப் படிப்பில்லாத ஆட்டக்காரர் நடைமுறை வாழ்வில் கண்ட உண்மையை, நூல் பல கற்ற ஆசிரியர் காலந்தாழ்ந்தே ஏற்றுக்கொண்டார். கான்ஸ்டன்டைனின் தன்வரலாற்று நூலை எழுத ஜேம்ஸ் துணைபுரிந்தார். அது 1933இல் வெளிவந்தது. திரினிடாட்டின் தொழிலாளர் தலைவர் சிப்ரியானியைப் பற்றி ஜேம்ஸ் எழுதிய நூல் 1932இல் அச்சேறக் கான்ஸ்டன்டைன் பொருளுதவி செய்தார்.

அதே ஆண்டில் ஒரு நிகழ்ச்சி ஜேம்ஸைச் செய்தியாளராக்கியது. சிட்னி பார்ன்ஸ் என்னும் புகழ்பெற்ற பந்துவீச்சாளர், ஐம்பத்தொன்பது வயதிலும் லங்காஷயர்க் கழக ஆட்டங்களில் பந்து வீசிக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்டத்தை நேரிற் கண்ட ஜேம்ஸ் அதைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதி, 'மான்செஸ்டர் கார்டியன்' நாளேட்டின் கிரிக்கெட் எழுத்தாளராகிய நெவில் கார்டஸுக்கு அனுப்பினார். கார்டஸ் கிரிக்கெட்டோடு இசைத் திறனாய்விலும் தேர்ந்தவர். அத்துறையில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லாத காலம் அது. கட்டுரையின் தரத்தை உணர்ந்த அவர் அதனை வெளியிடச் செய்ததோடு, ஜேம்ஸ் அந்நாளேட்டின் கிரிக்கெட் செய்தியாளராக அமரவும் வழிசெய்தார். 1933 முதல் 1935 வரை அந்நாளேட்டிலும், பின்னர் 'கிளாஸ்கோ ஹெரால்டு' நாளேட்டிலும் அவர் பணியாற்றினார். ஆளப்படும் நாட்டிலிருந்து வந்த கறுப்பர் ஒருவர், ஆளும் நாட்டினரின் தேசிய ஆட்டத்தைப் பற்றி அவர்களுக்கே எடுத்துரைத்த செயல் அக்காலத்தில் எளியதன்று.

பகலில் ஆட்டத்தைப் பற்றி எழுதிய அதே கை, மற்ற நேரங்களில் ஆப்பிரிக்க மக்களின் விடுதலைக்காக எழுதியது. ஆப்பிரிக்க விடுதலை இயக்கத்தார் இலண்டனில் வெளியிட்ட இதழொன்றின் ஆசிரியப் பொறுப்பையும் அவர் ஏற்றார். எயிட்டித் தீவின் அடிமைகள் போராடி விடுதலை பெற்ற வரலாற்றைக் கூறும் 'கறுப்பு ஜாக்கோபியர்' என்னும் பொருள்பட்ட தலைப்புடைய அவரது பெருநூல் 1938இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்கா சென்றார். பதினைந்து ஆண்டுகள் அங்கு வாழ்ந்து, 1953இல் வெளியேற வேண்டியதாயிற்று. அந்நாட்டில் கிரிக்கெட் இல்லை. ஆனால், கிரிக்கெட்டைப் பற்றிய ஒரு தெளிவு அங்கேதான் அவருக்குப் பிறந்தது. பணம் பெற்றுக்கொண்டு கூடைப்பந்தாட்டத்தைத் தோற்கக் கல்லூரி மாணவர்கள் உடன்பட்ட ஊழல் அங்கு வெளிப்பட்டபோது ஜேம்ஸ் அதிர்ந்துபோனார். அவருடைய அமெரிக்க நண்பர்களோ அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. தம் குருதியில் கலந்துவிட்ட பள்ளித்திடலின் நெறி எத்துணை ஆழமானது என்பதை அன்றுதான் அவர் உணர்ந்தார்.

'நேஷன்' இதழும் தலைமைச் சிக்கலும்

1958இல் மேற்கிந்தியத் தீவுகளின் கூட்டரசு தொடங்கப்பட்டது. இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னர் ஜேம்ஸ் தாயகம் திரும்பினார். அவருடைய பழைய மாணவராகிய எரிக் வில்லியம்ஸ் அப்போது திரினிடாட்டின் ஆட்சித் தலைவர். வில்லியம்ஸின் மக்கள் தேசிய இயக்கம் நடத்திய கிழமை இதழுக்கு ஜேம்ஸ் ஆசிரியரானார். 'நேஷன்' என்பது அதன் பெயர். தேசம் என்பது அதன் பொருள். தேசமாக உருவாகிக்கொண்டிருந்த மக்களிடம், அவர்களுடைய தகுதியைப் பற்றிப் பேசுவதே தம் கடமையென அவர் கருதினார்.

அன்றைய மேற்கிந்திய அணியில் பெரும்பாலோர் கறுப்பரும் இந்திய வழியினருமே. திரினிடாட்டின் கரும்புத் தோட்டப் பகுதியிலிருந்து வந்த சோனி ராமதீன், 1950இல் இலார்ட்ஸ் திடலில் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்தி, இங்கிலாந்து மண்ணில் மேற்கிந்திய அணி பெற்ற முதல் வெற்றிக்கு வழிவகுத்தவர். ஓட்டம் குவிக்கவும் பந்து வீசவும் இவர்கள் வேண்டும். ஆனால், தலைமை மட்டும் வெள்ளையர்க்கோ வெள்ளையரை ஒத்த நிறத்தினர்க்கோ உரியது என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது. 1948இல் ஜார்ஜ் ஹெட்லி ஒரே ஒரு டெஸ்ட் ஆட்டத்திற்குத் தலைமை தாங்கியதுண்டு. முழுத் தொடர் ஒன்றிற்கு எந்தக் கறுப்பரும் தலைவராக அமர்த்தப்பட்டதில்லை.

ஜமைக்காவைச் சேர்ந்த ஜெரி அலெக்சாண்டர் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வெள்ளை நிறத்தவர். திறமையான விக்கெட் காப்பாளர். இரண்டே டெஸ்ட் ஆட்டங்களில் ஆடியிருந்த நிலையில் 1958இல் அவர் தலைவராக்கப்பட்டார். பார்படோஸில் பிறந்த ஃபிராங்க் ஊரலோ 1948 முதல் டெஸ்ட் ஆட்டங்களில் ஆடியவர். இந்தியாவிற்கு வந்த காமன்வெல்த் அணிக்கு அதன் தலைவர் ஆட இயலாதபோது தலைமை தாங்கி ஆற்றலை மெய்ப்பித்தவர். மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் பயின்று வந்தமையால் இடையில் அவர் அணியில் இடம்பெறவில்லை என்பதும் உண்மை. ஆனால், 1960ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்து அணி மேற்கிந்தியத் தீவுகளுக்கு வந்தபோது அவர் மீண்டும் அணியில் இருந்தார். இப்போதும் தலைமை அலெக்சாண்டரிடமே இருந்தது.

அவ்வாண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள், போர்ட் ஆஃப் ஸ்பெயின் திடலில் ஏறத்தாழ 30,000 பேர் கூடியிருந்தனர். மேற்கிந்திய அணி 98 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகளை இழந்து தடுமாறியது. முதன்முறையாக டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கிய உள்ளூர் இளைஞர் சரண் சிங் ஓட்டத்தில் ஆட்டமிழந்ததாக நடுவர் அறிவித்ததும், கூட்டத்திலிருந்து புட்டிகள் திடலுக்குள் பறந்தன. மக்கள் உள்ளே புகுந்தனர். அன்றைய ஆட்டம் நின்றது. தீவுக்கே தலைக்குனிவு என்று பலரும் வருந்தினர்.

நடுவரின் தீர்ப்பை மறுக்கலாகாது என்னும் நெறியில் வளர்ந்தவர் ஜேம்ஸ். அவர் நினைத்திருந்தால் மக்களைக் கண்டித்து ஒரு தலையங்கம் எழுதிவிட்டு அமைந்திருக்கலாம். ஆனால், நல்ல ஆசிரியர் ஒருவர் வகுப்பில் குழப்பம் விளைந்தால், தண்டிப்பதோடு நில்லாமல் காரணத்தையும் ஆராய்வாரன்றோ? ஜேம்ஸ் காரணத்தை ஆராய்ந்தார். தங்களுக்குரியது தங்களுக்கு மறுக்கப்படுகிறது என்னும் நெடுநாள் மனக்குறையே, ஒரு தீர்ப்பைச் சாக்காகக் கொண்டு வெடித்தது என்பது அவர் கண்ட முடிவு. அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து 256 ஓட்ட வேறுபாட்டில் வென்றது.

அலெக்சாண்டர் தலைமையை விட்டு விலகவேண்டும், ஊரல் தலைவராக வேண்டும் என்று 'நேஷன்' இதழில் ஜேம்ஸ் வெளிப்படையாக எழுதினார். மீண்டும் மீண்டும் எழுதினார். அவர் அடுக்கிய காரணங்களுள் பெரும்பாலானவை ஆட்டத்தைப் பற்றியவையே: ஊரலின் பட்டறிவு எத்தகையது, அயல்நாட்டினர் அவரை எங்ஙனம் மதிக்கின்றனர், அவரைப் போன்ற ஒருவர் இருக்கும்போது மற்றொருவரைத் தலைவராக்குவது ஆட்டத்தின் அறத்திற்கு ஒக்குமா என்பன போன்றவை. திறமைக்கு முதலிடம் என்று பள்ளியில் கற்பித்தவர்கள் அவர்கள். அதே விதியை அவர்கள் முன்னால் வைத்து விடை கேட்டார் ஜேம்ஸ். தீவின் தலையாய கழகத்தாரையும் விளித்து எழுதினார். சில இடங்களில் அவர் கையாண்ட சொற்கள் கடுமையானவை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

ஆஸ்திரேலியா அளித்த விடை

1960ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியா செல்லவிருந்த அணிக்கு ஊரல் தலைவராக அறிவிக்கப்பட்டார். ஓர் இதழின் எழுத்து மட்டுமே இதனைச் செய்துவிட்டது என்று கூறின் அது மிகையாகும். காலம் மாறிக்கொண்டிருந்தது, கூட்டரசு பிறந்திருந்தது, ஊரலின் தகுதியும் மறைக்க முடியாததாக இருந்தது. ஆயினும், பலர் மனத்திற்குள் எண்ணியதை ஏட்டில் எழுதி, எண்ணத்தைக் கோரிக்கையாக்கிய பெருமை ஜேம்ஸுக்கு உரியது.

பிரிஸ்பேன் நகரில் நடந்த முதல் டெஸ்ட் ஆட்டம் 1960ஆம் ஆண்டு திசம்பர் 14ஆம் நாள் இரு அணிகளும் சமமான ஓட்டங்கள் பெற்று முடிவுற்றது. டெஸ்ட் வரலாற்றில் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. தொடரை ஆஸ்திரேலியா 2–1 என்னும் கணக்கில் வென்றது. ஆனால், தோற்ற அணிக்கு மெல்பர்ன் நகரம் அளித்த வழியனுப்பு விழாவை எந்த வெற்றியாளரும் பெற்றதில்லை எனலாம். திறந்த வண்டிகளில் சென்ற ஆட்டக்காரர்களைக் காண இலட்சக்கணக்கான மக்கள் தெருக்களின் இருபுறமும் திரண்டனர். இரு நாடுகளுக்கும் இடையிலான தொடருக்குரிய கோப்பைக்கு ஊரலின் பெயரே சூட்டப்பட்டது.

இவ்விடத்தில் அலெக்சாண்டருக்கும் உரிய மதிப்பை அளித்தல் வேண்டும். தலைமை பறிபோனதற்காக அவர் மனங்கோணி ஒதுங்கவில்லை. ஊரலின்கீழ் துணைத் தலைவராகவும் விக்கெட் காப்பாளராகவும் உண்மையோடு பணியாற்றினார். அத்தொடரில் 484 ஓட்டங்கள் எடுத்து, மேற்கிந்திய மட்டையாளர் சராசரியில் முதலிடம் பெற்றார். சிட்னி நகரில், தம் முதல்தர ஆட்ட வாழ்வின் ஒரே சதத்தையும் அடித்தார். ஜேம்ஸ் போற்றிய திடல் ஒழுக்கத்தை, ஜேம்ஸால் எதிர்க்கப்பட்ட அவரே செயலிற் காட்டினார். பதவி முறையை எதிர்க்கும் எழுத்தாளர், அப்பதவியில் இருக்கும் மனிதரின் நற்பண்பை மறந்துவிடலாகாது என்பது இந்நிகழ்ச்சியால் நாம் பெறும் படிப்பினை.

இதழாசிரியர் கொடுத்த விலை

வெற்றி கண்ட இதழாசிரியருக்கு நாற்காலி நிலைக்கவில்லை. கட்சி நடத்தும் இதழில் ஆசிரியரின் உரிமை எதுவரை என்னும் சிக்கல் எழுந்தது. அமெரிக்கப் படைத்தளம் பற்றிய கொள்கை, கூட்டரசின் எதிர்காலம், கட்சியின் அமைப்பு ஆகியவற்றில் ஜேம்ஸுக்கும் வில்லியம்ஸுக்கும் கருத்து வேறுபாடு முற்றியது. 1960ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் 'நேஷன்' இதழை விட்டு நீங்கினார். 1962ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது; விடுதலைக்காக எழுதிய அவர் அதற்குச் சில நாள் முன்னதாகவே இங்கிலாந்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

1965இல் ஆஸ்திரேலிய அணி மேற்கிந்தியத் தீவுகளுக்கு வந்தபோது, அத்தொடரைப் பற்றி எழுதும் செய்தியாளராக ஜேம்ஸ் திரும்பி வந்தார். அவ்வேளை கரும்புத் தோட்டத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டிருந்தது. ஆட்டத்தைக் காண வந்த அறுபத்து நான்கு வயது முதியவர் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். முன்னாள் மாணவரின் ஆட்சியில் முன்னாள் ஆசிரியருக்கு நேர்ந்த நிலை இது. விடுவிக்கப்பட்ட பின்னர், புதிய கட்சி ஒன்றை அமைப்பதில் பங்குகொண்டு அதன் இதழையும் நடத்தினார். 1966ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி ஓரிடமும் பெறவில்லை. அரசியலில் தோற்றார், எழுத்தில் தோற்கவில்லை.

எல்லைக்கு அப்பால்

1963இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூலின் பெயர் 'எல்லைக்கோட்டிற்கு அப்பால்' என்று பொருள்படும். தன்வரலாறும், ஆட்ட நுணுக்கமும், சமுதாய வரலாறும் இணைந்த நூல் அது. கிரிக்கெட்டை மட்டும் அறிந்த ஒருவர் கிரிக்கெட்டைக்கூட முழுமையாக அறிந்தவராகார் என்பது அதன் அடிப்படைக் கருத்து. இங்கிலாந்தின் சமுதாய வரலாற்றை எழுதிய அறிஞர்கள், அந்நாட்டு மக்கள் அனைவரும் அறிந்த டபிள்யூ. ஜி. கிரேஸ் என்னும் ஆட்டக்காரரின் பெயரைக் குறிப்பிடாமல் விட்டதை அவர் சுட்டிக்காட்டினார். மக்கள் எதனைக் காணக் கூடினார்களோ, எதனைப் பேசி மகிழ்ந்தார்களோ, அதனை விலக்கிவிட்டு எழுதப்படும் மக்கள் வரலாறு குறையுடையதே என்பது அவர் வாதம்.

கார்டஸ் இசையின் சொற்களைக் கொண்டு ஆட்டத்தை விளக்கினார். ஜேம்ஸ் அதனினும் ஒருபடி மேலே சென்றார். கிரிக்கெட் தானே ஒரு கலை என்றும், நாடகம், நாட்டியம் ஆகியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது என்றும் நிறுவ முயன்றார். பந்து வீசுபவரும் அதனை எதிர்கொள்பவரும் இரு தனி மனிதர்கள். அதே வேளையில் இரு அணிகளின் உருவங்கள். தனி மனிதனும் கூட்டமும் ஒருங்கே எதிர்நிற்கும் இக்காட்சியில் நாடகத்தின் கரு அடங்கியிருப்பதாக அவர் கண்டார். இக்கருத்தை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். ஆனால், ஆட்ட எழுத்தின் தரத்தை இந்நூல் உயர்த்தியது என்பதை மறுப்பார் இலர்.

கயானாவின் கரும்புத் தோட்டத்திலிருந்து வந்த ரோகன் கன்ஹாயைப் பற்றி 1966இல் ஜேம்ஸ் எழுதிய கட்டுரை குறிப்பிடத்தக்கது. புதிதாக விடுதலை பெற்ற மக்கள் தம்மைத் தாமே தேடிக் கண்டறியும் முயற்சியை, அவ்விந்திய வழித்தோன்றலின் துணிவான மட்டைவீச்சில் அவர் கண்டார். அதே கன்ஹாய் 1973இல் மேற்கிந்திய அணியின் தலைவரானார். ஊரலுக்காகத் திறந்த கதவு அவரோடு மூடிக்கொள்ளவில்லை.

முடிவுரை

1989ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் ஜேம்ஸ் இலண்டனில் இயற்கை எய்தினார். அவரது உடல் தாயகம் கொண்டுவரப்பட்டு, சன்னல் வழியே அவர் ஆட்டம் பார்த்த அதே துனபுனா மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1967இல், நாற்பத்திரண்டாம் வயதில் ஊரல் மறைந்திருந்தார்.

ஜேம்ஸின் இதழியல் வாழ்விலிருந்து ஆசிரியர்களும் மாணவர்களும் கொள்ளத்தக்கவை சில உள. சிறிய பொருள் என்று எதுவும் இல்லை; எழுதுபவரின் நோக்கே பொருளைச் சிறிதாகவோ பெரிதாகவோ ஆக்குகிறது. நம் மாணவர் விளையாட்டைப் பற்றிக் கட்டுரை எழுத முற்பட்டால், வெற்றி தோல்வியோடு அமையாமல், யார் ஆடினர், யார் ஆட விடப்படவில்லை, தலைமை யாருக்கு வாய்த்தது, ஏன் வாய்த்தது என்றெல்லாம் வினவுமாறு நாம் பழக்கலாம். அவ்வாறு வினவும்போது விளையாட்டுக் கட்டுரை சமுதாய வரலாறாக விரியும்.

மேலும், பள்ளி கற்பிக்கும் நேர்மை பள்ளி வாயிலோடு நின்றுவிடும் ஒன்றன்று. மாணவன் அதனை உளமார ஏற்றுக்கொண்டானாயின், ஒருநாள் அதே நேர்மையை நம்மிடமும், நாட்டிடமும், தன் சொந்தக் கட்சியிடமும் எதிர்பார்ப்பான். அன்று நாம் விடை கூறக் கடமைப்பட்டவர்கள். தாம் கற்ற விதியை ஆட்சியாளர் முன் வைத்து விடை கேட்டவர் ஜேம்ஸ். அத்தகைய வினாவை எழுப்பும் துணிவையும், எழுப்பப்படும்போது செவிமடுக்கும் பண்பையும் வளர்ப்பதே கல்வியின் பயனாகும்.